அம்பாசடரில் இரும்பு பம்பரைக் கழற்றி பிளாஸ்டிக் பம்பர் மாட்டுவது: முழுமையான வழிகாட்டி

க்ரோம் பூசிய இரும்பு பம்பரோடு வந்த அம்பாசடரில் (மார்க் 4, நோவா, 1800 ஐ.எஸ்.இசட். எதுவானாலும்) கிராண்ட் மாடலில் வந்தது போன்ற அகலமான, பாடி நிற பம்பரை மாட்டுவதற்கான வழிமுறை இது. பத்மினிக்கோ கான்டெஸாவுக்கோ செய்பவர்களுக்கும் வேலையின் வரிசை இதேதான், அளவுகள்தான் மாறும்.

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். அளவு எடுக்காமல் பழையதைக் கழற்றிவிடுவது ஒன்று. பெயின்ட் அடித்து முடித்த பிறகு வண்டியில் வைத்துப் பார்ப்பது இன்னொன்று. இரண்டுமே வரிசையை மாற்றிச் செய்வதால் வரும் தவறுகள்.

1. முதலில் புரிய வேண்டியது: பழையதும் புதியதும் ஒரே பொருள் அல்ல

இரும்பு பம்பர் தன் எடையைத் தானே தாங்கும். இரண்டு பிராக்கெட்டில் நின்றுகொண்டு இடியையும் வாங்கும், பின்னால் நான்கு பேர் கை வைத்துத் தள்ளினாலும் அசையாது. பிளாஸ்டிக் பம்பர் என்று கடையில் கொடுப்பது வெறும் தோல். சுமார் 3 மி.மீ. தடிமன்தான் இருக்கும். தொழிற்சாலையில் பிளாஸ்டிக் பம்பரோடு வரும் கார்களைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் தோலுக்குப் பின்னால் ஒரு இரும்பு அல்லது அலுமினிய பீம் இருக்கும். இடி வாங்குவது அதுதான்.

ஆகவே இங்கே செய்யப்போவது இரண்டு வேலை: சேசிஸில் ஒரு பீம் மாட்டுவது, அந்த பீமின் மேல் தோலை மாட்டுவது. பழைய பிராக்கெட் இரண்டிலும் தோலை நேராக போல்ட் போட்டுத் தொங்கவிடும் வேலைதான் அதிகம் நடக்கிறது. ஆறு மாதத்தில் போல்ட் துளையைச் சுற்றி விரிசல் விடுவதும், நடுப்பகுதி தொங்குவதும், மெதுவாக உரசினால்கூட ரேடியேட்டர் கிரில் வரை நசுங்குவதும் அதனால்தான்.

சில பழக்கங்களையும் விட வேண்டிவரும். பேட்டரி இறங்கிவிட்டால் பம்பரில் கை வைத்துத் தள்ளுவது, பம்பரில் கயிறு கட்டி இழுப்பது, பம்பர் மேல் காலை வைத்து ஏறி கேரியரில் மூட்டை கட்டுவது எதுவும் இனி கிடையாது. ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்யும் பழைய பெட்ரோல் வண்டியாக இருந்தால், புதிய பம்பர் அந்த வழியை மறைத்துவிடும். அது வேண்டும் என்பவர்கள் இரும்பு பம்பரோடு இருப்பதே நல்லது.

2. பம்பர் வாங்கும்போது பார்க்க வேண்டியது

மேற்கு வங்காளத்தின் உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசடர் தயாரிப்பு 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. இப்போது கிடைப்பது பழைய ஸ்டாக், கழற்றிய பம்பர், அல்லது சிறு பட்டறைகள் அச்சு எடுத்து வார்த்தவை. சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் மூன்று வகையும் ஒரே அடுக்கில் கிடக்கும். ஒரே அச்சில் வார்த்த இரண்டு பம்பர்கூட சில மி.மீ. வித்தியாசப்படும். அதனால் 'கிராண்டுக்கு வந்தது அப்படியே உட்காரும்' என்ற வார்த்தையை நம்பி வாங்காதீர்கள். வெட்டுவதும் தேய்ப்பதும் இருக்கும் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

கையில் எடுத்ததும் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடி இழை நெய்தது போலத் தெரிந்து, தொட்டால் சொரசொரப்பாக இருந்தால் அது ஃபைபர். வழவழப்பாக, விலா எலும்பு போன்ற மடிப்புகளோடு இருந்தால் வார்த்த பிளாஸ்டிக். அதில் எங்காவது பி.பி. (பாலிபுரோப்பிலீன்) என்றோ, பி.பி.+இ.பி.டி.எம். (அதோடு ரப்பர் கலந்தது) என்றோ, ஏ.பி.எஸ். (இன்னொரு வகைக் கெட்டி பிளாஸ்டிக்) என்றோ எழுத்து புடைத்திருக்கும்.

எழுத்து இல்லையென்றால் உள் ஓரத்தில் நகக்கண் அளவு சீவி எடுத்து, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பி.பி. வகை. மூழ்கினால் பெரும்பாலும் ஏ.பி.எஸ்.; டால்க் அதிகம் கலந்த பி.பி.யும் மூழ்கும் என்பதால் அடுத்த சோதனையையும் செய்யுங்கள். உள்பக்கத்தில் ஒரு புள்ளியில் தின்னர் நனைத்த துணியை வைத்து எடுங்கள். பிசுபிசுத்தால் ஏ.பி.எஸ்., ஒன்றுமே ஆகாவிட்டால் பி.பி. எந்தப் பொருள் என்று தெரியாமல் பெயின்ட் கடைக்குப் போவதில் பயனில்லை. பிரைமரும், ஒட்டும் முறையும், துளையின் அளவும் இதை வைத்துத்தான் முடிவாகும்.

பி.பி. வளைந்து மீளும், வெயிலில் நிறைய விரியும். ஃபைபர் விரிவது குறைவு, பட்டி (பள்ளம் நிரப்பும் பூச்சு) பிடிக்கும், பட்டறையில் ரிப்பேர் செய்வதும் சுலபம். ஆனால் இடித்தால் வளையாமல் உடையும். நகரத்துக்குள் தினமும் ஓடும் வண்டிக்கு பி.பி. நல்லது. வாரம் ஒருமுறை எடுக்கும் வண்டிக்கு ஃபைபர் போதும்.

கழற்றிய பம்பர் வாங்கினால் கூடவே அதன் பீம், பிராக்கெட், ஓரக் கிளிப் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். தோலை விற்றுவிட்டு பீமை எடைக்குப் போட்டுவிடுவார்கள், பிறகு தேடினாலும் கிடைக்காது.

3. ஆர்.சி., இன்சூரன்ஸ்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே குடும்ப மாடலின் பம்பரை, பாடி நிறத்திலேயே, வண்டியின் அகலத்தைத் தாண்டாமல் மாட்டுவது ஒரு விஷயம். முன்னால் துருத்தும் இரும்புக் குழாய் வைப்பது வேறு. அந்த வகை கிராஷ் கார்டுகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. இங்கே செய்யும் பீம் முழுவதும் தோலுக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். ஆர்.சி. புதுப்பிக்கும் தேதி நெருங்கியிருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

4. கையில் இருக்க வேண்டியவை

பீமுக்கு 40×40 மி.மீ. சதுரக் குழாய், 2 மி.மீ. கனம், ஒரு பம்பருக்கு 1.2 மீட்டர் போதும். மீட்டருக்கு சுமார் 2.4 கிலோ வரும், ஆக ஒரு பீம் மூன்று கிலோவுக்குள் முடியும். பிராக்கெட்டுக்கு 40 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனமுள்ள ஃபிளாட் (தட்டை இரும்புப் பட்டை). ஓரங்களுக்கு 25×3 ஃபிளாட். அச்சு வெட்ட தடித்த அட்டை. பழைய ஃபிரிட்ஜ் பெட்டி அட்டை அருமையாக வேலை செய்யும்.

ஸ்பானர் விஷயத்தில் கவனம். அம்பாசடரின் பாடி பிரிட்டிஷ் வழி வந்தது, அதனால் பாடி போல்ட்டுகள் இஞ்ச் அளவில் இருக்கும் வாய்ப்பே அதிகம். இசுசூ எஞ்சின் வண்டிகளில் எஞ்சினில் மெட்ரிக்கும் பாடியில் இஞ்சும் கலந்து வரும். அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ.; 13 நம்பர் ஸ்பானர் உட்காருவது போலத் தெரிந்தாலும் துருப்பிடித்த நட்டில் அழுத்தினால் முனை மழுங்கிவிடும். 9/16 இஞ்ச் என்பது 14.3 மி.மீ.; 14 நம்பர் நுழையாது, 15 நம்பர் ஆடும். இந்த இரண்டு அளவிலும் ரிங் ஸ்பானரும் பாக்ஸும் வாங்கிவிடுங்கள்.

மரையிலும் இதே சிக்கல் உண்டு. 5/16 யூ.என்.எஃப். (இஞ்ச் அளவு நுண்மரை) நட்டில் எம்8 (8 மி.மீ. மெட்ரிக்) போல்ட் இரண்டு மரை அழகாக ஏறும், பிறகு இறுகும். 'துருதான்' என்று நினைத்துத் திருகினால் மரை போய்விடும். சேசிஸில் வெல்டு வைத்த நட்டாக இருந்துவிட்டால் ஒரு நாள் வேலை கூடுதல். பழைய போல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் அதே மரைக்கு வாங்குங்கள்.

இவை தவிர: பிளேட் வாசர், ஸ்பிரிங் வாசர், பீமுக்கு நைலாக் நட் (நைலான் வளையம் வைத்த, எளிதில் கழலாத நட்), எம்6 ஸ்டெயின்லெஸ் போல்ட் இருபது, 20–25 மி.மீ. வெளிவட்டம் உள்ள பெரிய வாசர் இருபது, யு-கிளிப் நட் பத்து, ஓர ரப்பர் பீடிங் நான்கு மீட்டர், ஊடுருவும் எண்ணெய், கம்பி பிரஷ், ரஸ்ட் கன்வெர்ட்டர், ஜிங்க் பிரைமர், மாஸ்கிங் டேப், ரச மட்டம், இரண்டு ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

5. கழற்றும் முன் அளவு எடுங்கள்

பழைய பம்பர் வண்டியில் இருக்கும்போதுதான் அது எங்கே இருக்க வேண்டும் என்பது தெரியும். கழற்றிவிட்டால் அந்தத் தகவலும் அதோடு போய்விடும்.

தரையிலிருந்து அளக்காதீர்கள். முன்னால் டார்ஷன் பார் (முறுக்குக் கம்பி) ஸ்பிரிங், பின்னால் பட்டை ஸ்பிரிங். இத்தனை வருடம் ஓடிய வண்டி ஏதாவது ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். தரையை வைத்து மட்டம் பார்த்தால் பம்பர் தரைக்கு நேராக இருக்கும், வண்டிக்குக் கோணலாக இருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டாவதுதான் தெரியும். ஹெட்லைட் வளையத்தின் கீழ் விளிம்பு, ஃபெண்டரின் முனை, கிரிலின் அடிக்கோடு ஆகிய மூன்றிலிருந்தும் அளவு எடுங்கள்.

எழுத வேண்டியவை: ஹெட்லைட் வளையத்திலிருந்து பம்பர் மேல்விளிம்பு வரை, இரு பக்கமும். ஃபெண்டருக்கும் பம்பருக்கும் இடைவெளி, இரு பக்கமும். சேசிஸ் முனையிலிருந்து பம்பர் முகம் வரை உள்ள நீளம். இரண்டு பிராக்கெட்டின் துளை மையங்களுக்கு நடுவே உள்ள தூரம். வண்டியின் நடுக்கோட்டை, கிரிலின் மையத்தை வைத்து, டேப் ஒட்டிக் குறியுங்கள். இடதும் வலதும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால் வண்டி எப்போதோ அடிபட்டிருக்கிறது. அதை டிங்கரிடம் காட்டி நேராக்கிய பிறகுதான் மேலே போக வேண்டும். கோணலான சேசிஸ் முனைக்கு ஏற்றபடி பீம் செய்தால், பிறகு சேசிஸை நேராக்கும் அன்று பீமையும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும்.

6. பழையதைக் கழற்றுதல்

முந்தின நாள் மாலையே எல்லா நட்டிலும் ஊடுருவும் எண்ணெய் விடுங்கள். ஒரு இரவு ஊறினால் பாதி வேலை முடிந்தது. மறுநாள் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றுங்கள். பம்பரில் ஃபாக் லைட், ஹார்ன், நம்பர் பிளேட் விளக்கு எது இருந்தாலும் வயரைக் கழற்றி டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

முதலில் பம்பர் கொம்புகள், பிறகு ஓர போல்ட்டுகள், கடைசியாக நடு பிராக்கெட். முதலில் நடுவைக் கழற்றினால் முழு எடையும் ஓர போல்ட்டில் தொங்கி ஃபெண்டர் தகடு வளையும். ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும், அல்லது அடியில் டயர் அடுக்கி வைக்க வேண்டும்.

இறுகிய நட்டுக்கு கேஸ் டார்ச்சை எடுக்கும் முன் சுற்றிப் பாருங்கள். முன்பக்கம் வயரிங், பின்பக்கம் பெட்ரோல் டேங்க். பின் பம்பரில் நெருப்பே வேண்டாம். நட்டை கிரைண்டரில் வெட்டினாலும் பொறி பறக்கும், ரம்பத்தில் அறுத்து எடுங்கள்.

உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் பொருத்திய வண்டியாக இருந்தால் அதன் பூட்டு ஒருமுறை மட்டும் பயன்படுவது. உடைத்தால் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில்தான் மறுபடி பொருத்த வேண்டும். முன் பிளேட் எங்கே வரும் என்பதை இப்போதே யோசித்து வையுங்கள்.

கழற்றிய பம்பரையும் பிராக்கெட்டையும் விற்றுவிடாதீர்கள். க்ரோம் நன்றாக இருந்தால் உள்பக்கம் கிரீஸ் தடவி, துணி சுற்றி வையுங்கள். வண்டியை விற்கும் அன்று அதைக் கேட்டு வாங்கும் ஆள் நிச்சயம் வருவார்.

7. சேசிஸ் முனையைச் சோதித்தல்

பிராக்கெட்டுக்குப் பின்னால் முப்பது வருடச் சேறு அடைந்திருக்கும். முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீர் என்று கேட்டால் நல்ல இரும்பு. மந்தமாகக் கேட்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள், உள்ளே போனால் ஓட்டை. கடலோர ஊர் வண்டிகளில் இதை எதிர்பார்த்தே தட்டுங்கள்.

ஓட்டை இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி, அதே கனத்தில் தகடு வைத்து வெல்டு செய்த பிறகுதான் அடுத்த வேலை. துருவின் மேல் பட்டி போட்டு மூடினால் பீம் எவ்வளவு பலமாக இருந்தாலும் பயனில்லை. வெல்டு செய்யும்போது பேட்டரி, ஆல்டர்னேட்டர் இரண்டின் இணைப்பும் கழன்றிருக்க வேண்டும்.

நல்ல இரும்பாக இருந்தால் கம்பி பிரஷ், ரஸ்ட் கன்வெர்ட்டர், ஜிங்க் பிரைமர், கறுப்பு சேசிஸ் பெயின்ட், இந்த வரிசையில் முடியுங்கள். இந்த இடம் மறுபடி கண்ணில் படுவது பம்பர் கழற்றும் அன்றுதான்.

8. பீமும் பிராக்கெட்டும்

பழைய பிராக்கெட்டை வெட்டி வெல்டு செய்ய வேண்டாம். அது இருந்தால்தான் என்றாவது பழைய பம்பருக்குத் திரும்ப முடியும். அட்டையில் அச்சு எடுத்து, அந்த அச்சில் 5 மி.மீ. ஃபிளாட்டில் புதிது செய்யுங்கள். சேசிஸில் புதிய துளை போடாமல் பழைய துளைகளையே பயன்படுத்துங்கள்.

நீளம் எப்படி முடிவு செய்வது? தோலை அதன் இடத்தில் டேப்பாலும் மரக்கட்டையாலும் நிறுத்துங்கள். தோலின் உள்முகத்திலிருந்து 40–50 மி.மீ. பின்னால் பீமின் முகம் வர வேண்டும். அந்த இடைவெளி ஃபோமுக்கு. மெதுவான உரசலில் தோல் அமுங்கி மீள அந்த இடம் வேண்டும். பீமைத் தோலோடு ஒட்டி வைத்தால் சிறு தட்டிலும் தோல் பீமின் விளிம்பில் மோதிக் கிழியும். நிறைய இடம் விட்டால் தோல் உள்வாங்கியே உடையும்.

ஃபோமுக்குக் காயலான் கடையில் வேறு காரின் பம்பர் ஃபோம் கிடைக்கும். வெட்டி ஒட்டுங்கள். தெர்மோகோல் வேண்டாம்: அதிர்வில் உதிரும், பெயின்ட் தின்னரின் ஆவி பட்டாலே கரையும்.

பீமின் இரு முனையையும் மூடி வெல்டு செய்து, அடியில் 8 மி.மீ. துளை ஒன்று விடுங்கள். திறந்த குழாயில் சேறு ஏறும், முழுக்க மூடினால் உள்ளே வியர்த்து அரிக்கும். பிராக்கெட்டும் பீமும் சேரும் மூலையில் முக்கோணத் தகடு வையுங்கள். அது இல்லாவிட்டால் மேடு பள்ளத்தில் பீம் மேலும் கீழும் ஆடி, வெல்டு ஓரத்தில் விரிசல் விடும்.

கயிறு கட்டி இழுக்க ஒரு கொக்கியையும் இப்போதே செய்துவிடுங்கள். அது பீமில் அல்ல, சேசிஸ் பிராக்கெட்டின் போல்ட்டோடு வர வேண்டும். 12 மி.மீ. கம்பியை வளைத்து, தோலின் அடிவிளிம்புக்குக் கீழே கை எட்டும்படி.

9. பெயின்ட்டுக்கு முன் முழுதாக மாட்டிப் பார்த்தல்

அதிக நேரம் எடுக்கும் வேலை இது, எடுக்கவும் வேண்டும். பீமை போல்ட் போட்டு, தோலை மேலே வைத்து, நடுக்கோட்டை நடுக்கோட்டோடு சேருங்கள். நடுவில் ஆரம்பித்து ஓரங்களுக்குப் போக வேண்டும். ஒரு ஓரத்தில் ஆரம்பித்தால் எல்லாப் பிசகும் சேர்ந்து மறு ஓரத்தில் ஒரு விரல் இடைவெளியாக வந்து நிற்கும்.

தோலுக்கும் பாடிக்கும் நடுவே 5 முதல் 8 மி.மீ. வரை, சுற்றிலும் சீராக இடைவெளி வேண்டும். 6 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்றை வைத்துச் சரிபார்த்துக்கொண்டே போங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே தோலைத் தேயுங்கள், பாடியைத் தட்டாதீர்கள். ஒரே வெட்டில் முடிக்க நினைக்காமல் இரண்டு இரண்டு மி.மீ.யாக எடுங்கள்.

தோல் சற்றுத் திருகியிருந்தால், பி.பி.யாக இருந்தால், மதிய வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து, பீமில் மாட்டி, டேப்பால் இழுத்துக் கட்டி ஆறவிடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். ஹாட் கன் வைத்தால் ஒரே இடத்தில் காட்டாமல் அகலமாக ஆட்டிக்கொண்டே காட்டுங்கள்.

இப்போது சரிபார்க்க வேண்டியவை: பானெட் முழுக்கத் திறக்கிறதா. ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பினால் டயர் உரசுகிறதா. யாராவது இருவரை முன்பக்கம் உட்காரவைத்துப் பாருங்கள். ரேடியேட்டருக்குக் காற்று போகும் அடிவாய் மூடியிருக்கிறதா. அகலமான பம்பர் அழகாக இருக்கிறதென்று அடிவாயை மூடிவிட்டு, சித்திரை வெயிலில் டீசல் வண்டி சூடேறும்போது வாட்டர் பம்ப்பைக் குறை சொல்பவர்கள் உண்டு. பழைய பம்பருக்குக் கீழே எவ்வளவு திறப்பு இருந்ததோ அவ்வளவாவது தோலில் வெட்டி, உள்ளே வலை வையுங்கள்.

10. ஓரங்கள்: இறுக்கக் கூடாத போல்ட்

பம்பர் அலை அலையாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் இந்த இடம். இரும்பு வெயிலில் விரிவதைவிட பி.பி. ஏழெட்டு மடங்கு அதிகம் விரியும். காலைக்கும் உச்சி வெயிலுக்கும் தோலின் சூடு 40 டிகிரி மாறினால், நடுவிலிருந்து ஓரம் வரை உள்ள 80 செ.மீ.யில் பி.பி. சுமார் 3 மி.மீ. நீளும். பின்னால் இருக்கும் இரும்பு அரை மி.மீ.கூட நீளாது. ஓர போல்ட்டை இறுக்கிவிட்டால் அந்த 3 மி.மீ. போக இடமில்லாமல் தோல் வெளியே புடைக்கும், மாலையில் திரும்பும், மறுநாள் மறுபடி புடைக்கும். கடைசியில் துளை கிழியும்.

அதற்கு வழி: நடுவில் இரண்டு போல்ட் மட்டும் இறுக்கமாக. மற்ற இடங்களில் தோலில் வட்டத் துளைக்குப் பதில் 9×17 மி.மீ. நீள் துளை, நீளம் வண்டியின் குறுக்குவாட்டில். அதற்குள் 8 மி.மீ. வெளிவட்டம் உள்ள சிறு இரும்பு புஷ். புஷ்ஷின் உயரம் தோலின் தடிமனைவிட அரை மி.மீ. அதிகம் இருக்க வேண்டும். மேலே பெரிய வாசர், எம்6 போல்ட். போல்ட் புஷ்ஷை இறுக்கும், தோல் வாசருக்கு அடியில் நகரும். துளைக்கும் தோலின் விளிம்புக்கும் நடுவே 10 மி.மீ.யாவது மிச்சம் இருக்கட்டும்.

ஃபைபருக்கு இவ்வளவு வேண்டாம். 10 மி.மீ. வட்டத் துளையும் பெரிய வாசரும், வாசருக்கு அடியில் ரப்பரும் போதும்.

துளை போட்டதும் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். பிளாஸ்டிக்கில் விரிசல் எப்போதும் சொரசொரப்பான துளை ஓரத்தில்தான் தொடங்கும்.

11. பெயின்ட்

எல்லா வெட்டும் துளையும் முடிந்த பிறகுதான் இது. பிளாஸ்டிக் பம்பரில் பெயின்ட் செதில் செதிலாக உரிவதற்கு நிறத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, அடியில் செய்யாமல் விட்ட வேலைதான் காரணம்.

புதிய தோலில் அச்சிலிருந்து வந்த மெழுகு ஒட்டியிருக்கும். வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் போட்டு, சிவப்பு ஸ்கிரப் பேடால் இரண்டு முறை தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்ததும் மெழுகு நீக்கியால் துடையுங்கள். இந்த வரிசையை மாற்றி, கழுவாமல் தேய்த்தால் மெழுகைக் கீறலுக்குள் நாமே திணித்துவிடுவோம்.

பி.பி. என்றால் அடுத்தது பிளாஸ்டிக் ப்ரோமோட்டர் (பிரைமர் பிடிக்க உதவும் அடிப்பூச்சு), மெல்லிதாக இரண்டு கோட். பி.பி.யின் மேல் சாதாரண பிரைமர் பிடிக்காது, நகத்தால் சுரண்டினாலே வரும். ப்ரோமோட்டர் டப்பாவில் எத்தனை நிமிடத்துக்குள் பிரைமர் அடிக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள், அதைத் தாண்டவிடாதீர்கள். ஏ.பி.எஸ்.ஸுக்குப் பிளாஸ்டிக் பிரைமர் போதும், ஆனால் காரமான தின்னரைச் சொட்டச் சொட்ட அடித்தால் மேற்பரப்பு கரைந்து சுருங்கும். ஃபைபருக்கு ஊசித் துளைகளைப் பட்டியால் அடைத்து, டூ-கே (இரண்டு பாகமாகக் கலக்கும்) பிரைமர்.

பி.பி. பம்பரில் பள்ளம் இருந்தால் சாதாரண பாடி பட்டி போடாதீர்கள். தோல் வளையும், பட்டி வளையாது. பிளாஸ்டிக்குக்கென்றே வரும் பட்டி தனியாக இருக்கிறது.

பிரைமரிலும் நிறத்திலும் நெகிழ்வு சேர்ப்பான் கலக்கச் சொல்லுங்கள். பிரைமர் காய்ந்ததும் 600, பிறகு 800 நம்பர் தண்ணீர்க் காகிதத்தால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்க்க வேண்டும். தோலைத் தரையில் கிடத்தி அடிக்காமல், வண்டியில் நிற்கும் அதே வளைவில் ஸ்டாண்டில் நிறுத்தி அடியுங்கள். சூடான அறையில் காயவைக்கும்போது தாங்கல் இல்லாத தோல் தன் எடையிலேயே தொய்ந்துவிடும்.

நிறத்தைப் பெயர் சொல்லி வாங்காதீர்கள். இருபது வருடம் வெயிலில் நின்ற வெள்ளை இப்போது வெள்ளை அல்ல. வண்டியையே கடைக்குக் கொண்டுபோய், ஒரு இடத்தில் பாலிஷ் போட்டுத் துடைத்து, அந்த இடத்துக்கு ஒப்பிட்டுக் கலக்கச் சொல்லுங்கள்.

12. வயரிங்: எர்த் போய்விடும்

பழைய இரும்பு பம்பரில் மாட்டிய விளக்குகளில் பலவற்றுக்கு ஒரே வயர்தான் இருக்கும். எர்த் பம்பர் வழியே போயிருக்கும். பிளாஸ்டிக்கில் மாட்டியதும் விளக்கு எரியாது, அல்லது வேறு வழியில் எர்த் தேடி மங்கலாக எரியும். பல்பை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் அர்த்தமில்லை. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுத்து, பெயின்ட் சுரண்டிய பாடி போல்ட்டில் கட்டுங்கள்.

ஃபாக் லைட் போடுபவர்களுக்கு: இரண்டு 55 வாட் பல்பு சேர்ந்து 9 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். ரிலே ஒன்று, 15 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மி.மீ. வயர். ஹெட்லைட் சுவிட்சிலிருந்து நேராக எடுத்தால் சுவிட்ச் கருகும். இன்னும் டைனமோவில் ஓடும் வண்டியாக இருந்தால் ஃபாக் லைட்டை மறந்துவிடுங்கள்.

13. பின் பம்பரில் மட்டும் வரும் சிக்கல்கள்

வரிசை முன்பக்கம் போலவேதான். ஆனால் சைலன்சர் குழாயின் வாய் தோலுக்கு அடியிலோ பின்னாலோ முடியக் கூடாது. தோலின் விளிம்பைத் தாண்டி வெளியே வர வேண்டும், சுற்றிலும் 50 மி.மீ. இடைவெளி வேண்டும். சைலன்சர் ரப்பர் தொய்ந்த வண்டியில் முதலில் அதை மாற்றுங்கள். நிறுத்தி வைத்து அளந்தால் போதாது, எஞ்சினை அணைக்கும்போது குழாய் ஆடும் ஆட்டத்தையும் பாருங்கள்.

டிக்கி மூடியின் கீழ்விளிம்பும், ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் எடுக்கும் வழியும் தடைபடாமல் இருக்க வேண்டும். ரிஃப்ளெக்டரைப் பழைய பம்பரிலிருந்து எடுத்து புதியதில் மாட்ட மறப்பது சகஜம்.

14. கடைசியாக மாட்டுதல்

முதலில் பீம்: 3/8 யூ.என்.எஃப். உயர்தர போல்ட்டுக்கு 45 நியூட்டன் மீட்டர் அளவு. பிறகு ஃபோம், வயர், விளக்கு, அதன் பிறகு தோல். தோல் போல்ட் எல்லாவற்றையும் கையால் ஏற்றி, இடைவெளி பார்த்து, நடுவில் உள்ளதை முதலில் இறுக்குங்கள். எம்6 போல்ட்டுகளுக்கு 5 நியூட்டன் மீட்டர் தாராளம், அதாவது சின்ன ஸ்பானரை இரண்டு விரலால் பிடித்து இறுக்கும் அளவு. இம்பாக்ட் கன் (காற்றிலோ மின்சாரத்திலோ ஓடும் இறுக்கும் கருவி) வைத்து இறுக்க விடாதீர்கள்.

தோல் பாடியைத் தொடக்கூடிய எல்லா விளிம்பிலும் ரப்பர் பீடிங் செருகுங்கள். செருகாவிட்டால் அதிர்வில் ஃபெண்டர் பெயின்ட்டைத் தேய்த்து இரும்பு வரை போய்விடும், துரு அங்கிருந்து தொடங்கும்.

200 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு பீம் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். புதிய பெயின்ட்டின் மேல் உட்கார்ந்த வாசர் சற்று அமுங்கியிருக்கும். ஒரு முழு நாள் வெயிலில் நிறுத்தி, மதியம் இரண்டு மணிக்கு வண்டியின் முன்னால் குனிந்து தோலின் மேல்கோட்டை ஓரக்கண்ணால் பாருங்கள். எங்காவது புடைப்பு தெரிந்தால் அந்தப் பக்கத்து ஓர போல்ட்டில் புஷ் உயரம் போதவில்லை, அல்லது நீள் துளை முடிந்து போல்ட் விளிம்பில் இடிக்கிறது. கழற்றி, துளையை இன்னும் 3 மி.மீ. நீட்டினால் சரியாகிவிடும்.